கால் எலும்பு முறிந்தால்: எந்தக் கட்டத்தில் எதைக் கவனிக்க வேண்டும்

எனக்கு வலது காலில், முழங்காலுக்குக் கீழே இருக்கும் இரண்டு எலும்புகளும் முறிந்தன. பைக்கில் போகும்போது பக்கவாட்டில் ஒரு கார் வந்து இடித்தது. வண்டிக்கும் காருக்கும் நடுவே கால் மாட்டிக்கொண்டது. தோல் கிழியவில்லை, எலும்பு வெளியே வரவில்லை. ஆபரேஷன் செய்து உள்ளே ராடு வைத்தார்கள். எலும்பு கூடுவதற்கு வழக்கத்தைவிட அதிகக் காலம் பிடித்தது. நடுவில் இன்னொரு சின்ன ஆபரேஷனும் தேவைப்பட்டது. இப்போது நன்றாக நடக்கிறேன், படி ஏறுகிறேன், வண்டியும் ஓட்டுகிறேன்.

இந்த அனுபவத்தில் நான் மற்றவர்களுக்குச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். கால் முறிவில் வரும் சிக்கல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் வருவதில்லை. முதல் சில மணி நேரத்தில் பயப்பட வேண்டியது ஒன்று, முதல் மூன்று நாளில் வேறொன்று, மூன்றாம் வாரத்தில் இன்னொன்று, ஆறாம் மாதத்தில் முற்றிலும் வேறு. எந்தக் கட்டத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று நோயாளிக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் தெரிந்திருந்தால், காலைப் பறிகொடுக்கும் அளவுக்குப் போகக்கூடிய சிலவற்றைக்கூட நேரத்தில் தடுத்துவிடலாம். நான் மருத்துவன் இல்லை. என் கால் வழியாகவும், மருத்துவர்களைத் துளைத்துக் கேட்ட கேள்விகள் வழியாகவும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

விபத்து நடந்த இடத்தில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. முறிந்த காலை அசைய விடக்கூடாது. ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து அழுத்த வேண்டும். வெளியே தெரியும் எலும்பை உள்ளே தள்ளப் பார்க்கக்கூடாது. வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் இருப்பது நல்லது, ஏனென்றால் உடனே மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். காலை அசையாமல் கட்டுவது வலியைக் குறைக்க மட்டும் இல்லை. தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் தொடைக்குள்ளேயே இறங்கிவிடும். முதல் உலகப் போரில் தாமஸ் ஸ்பிளின்ட் என்ற சட்டத்தில் காலை நீட்டிக் கட்டி அனுப்பும் வழக்கம் வந்த பிறகுதான் தொடை முறிந்த வீரர்களின் சாவு பெருமளவு குறைந்தது. ஆகவே தொடை முறிவை "வெறும் எலும்புதானே" என்று நினைக்கவே கூடாது.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தாலோ, முறிந்த இடத்துக்கு மேலே சின்னக் காயம் ஒன்று இருந்தாலோ, அது திறந்த முறிவு. காயம் கடுகளவு இருந்தாலும் கிருமி எலும்பு வரை போக வழி இருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. முடிந்தால் முதல் ஒரு மணி நேரத்துக்குள். "இந்தக் காயம் உள்ளே எலும்பு வரை போகிறதா, ஊசி போட்டாச்சா?" என்று உடன் இருப்பவர் தயங்காமல் கேட்கலாம். கேட்பதில் தப்பே இல்லை. முன்னங்கால் எலும்பு, அதாவது முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் பெரிய எலும்பு, தோலுக்கு நேர் கீழே இருப்பதால், உடம்பின் நீண்ட எலும்புகளில் அதிகமாக இப்படித் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவது அதுதான்.

இனி, என்னை இன்றும் பதற வைக்கும் முதல் இரவுக்கு வருகிறேன்.

அவசரப் பிரிவில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, காலின் பின்பக்கம் அரை மாவுக்கட்டு வைத்துச் சுற்றி வார்டுக்கு அனுப்பினார்கள். ஆபரேஷன் மறுநாள். முதலில் வலி தாங்கக்கூடியதாகத்தான் இருந்தது. ராத்திரி ஏற ஏற வலியும் ஏறிக்கொண்டே போனது. ஊசி போட்டார்கள், கொஞ்ச நேரம் கூட நிற்கவில்லை. முறிந்த இடத்தில் குத்துகிற மாதிரி இருந்த வலி, இப்போது கெண்டைக்கால் முழுவதும் வெடிக்கிற மாதிரி மாறியது. விரல்களுக்கு நடுவே மரத்துப்போன உணர்வு. என் மனைவி நர்ஸைக் கூட்டி வந்தாள். அந்த நர்ஸ் "எலும்பு முறிஞ்சா வலிக்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. என் கால் கட்டைவிரலை மெதுவாக மேல்பக்கம் மடக்கினார். நான் கத்திவிட்டேன். அடுத்த நிமிடம் டியூட்டி டாக்டரை வரவழைத்தார்.

டாக்டர் வந்ததும் முதலில் செய்தது கட்டைப் பிரித்ததுதான். மேலே சுற்றியிருந்த துணி, உள்ளே வைத்த பஞ்சு எல்லாவற்றையும் தோல் தெரியும் வரை நீளமாக வெட்டி விரித்தார். கெண்டைச் சதையை அமுக்கிப் பார்த்தார். காலை உயர்த்தி வைத்திருந்த தலையணைகளை எடுத்துவிட்டு, இதயத்தின் மட்டத்திலேயே வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக வலி இறங்கியது. விடியும் வரை அடிக்கடி வந்து விரலை மடக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எனக்குக் கட்டு இறுகியதோடு போயிற்று.

அவர்கள் பயந்தது கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்பதற்கு. முழங்காலுக்குக் கீழே தசைகள் 4 அறைகளாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வொரு அறையையும் சுற்றி நீளவே நீளாத ஒரு உறை இருக்கிறது. எலும்பு முறிந்து உள்ளே ரத்தமும் வீக்கமும் சேரும்போது, உறை விரிந்து கொடுக்காது, அழுத்தம்தான் ஏறும். அழுத்தம் ஒரு அளவைத் தாண்டினால் சிறு ரத்தக் குழாய்கள் நசுங்கி, தசைக்கும் நரம்புக்கும் ரத்தம் போகாது. சுமார் 6 மணி நேரம் அப்படியே போனால் தசை மீளாத அளவுக்குச் செத்துப்போகத் தொடங்கும். அப்புறம் எலும்பு எவ்வளவு அழகாகக் கூடினாலும் கால் பழைய கால் இல்லை.

இதில் ஏமாற்றக்கூடிய ஒரு விஷயத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பாதத்தில் நாடி துடிக்கும், விரல்கள் சிவப்பாகவே இருக்கும். பெரிய ரத்தக் குழாயில் ஓட்டம் நிற்பதற்கு வெகு முன்பே தசை பட்டினி கிடக்க ஆரம்பித்துவிடும். அதனால் "நாடி இருக்கு, பயமில்லை" என்று இருக்க முடியாது. நம்ப வேண்டிய அறிகுறி வலிதான்: காயத்துக்குப் பொருந்தாத அளவு வலி, மருந்துக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போகும் வலி, விரலை நீட்டினாலோ மடக்கினாலோ கெண்டைக்காலில் உயிர் போகிற வலி. சதை கல் மாதிரி இறுகியிருக்கும். மரத்துப்போவதும், விரலை அசைக்க முடியாமல் போவதும் அதற்குப் பின்னால் வருபவை. அவை வரும்வரை காத்திருக்கக்கூடாது. முதுகிலோ காலிலோ மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால் இந்த வலியே தெரியாமல் போகலாம், அப்போது இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

பக்கத்துப் படுக்கையில் இருந்த இளைஞருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அடிபட்ட இடத்தில் யாரோ காலை இறுக்கிச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அதே கட்டோடு வெகு நேரம் பயணம் செய்து வந்து சேர்ந்திருந்தார். உடனே ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய் உறைகளை நீளவாக்கில் கீறி அழுத்தத்தைத் திறந்துவிட்டார்கள். அந்தக் காயத்தை அன்றே தைக்க மாட்டார்கள். வீக்கம் வடிய விட்டு, சில நாள் கழித்துத் தைப்பார்கள், முடியாவிட்டால் தோல் எடுத்து ஒட்டுவார்கள். அவர் கால் பிழைத்தது. ஆனால் பாதத்தை மேலே தூக்கும் பலம் நான் டிஸ்சார்ஜ் ஆகும்வரை வரவில்லை. அதைப் பார்த்த பிறகு, காலில் அடிபட்டவருக்கு யார் இறுக்கிக் கட்டினாலும், அது எந்த முறைக் கட்டாக இருந்தாலும், எனக்கு மனசு பொறுக்காது. கட்டு போட்ட பிறகு வலி குறைய வேண்டும். கூடினால் கட்டைத் தளர்த்த வேண்டும்.

மறுநாள் ஆபரேஷன். "மாவுக்கட்டு போதாதா டாக்டர்?" என்று நானும் கேட்டேன். எலும்பு விலகாமல் வெறும் கோடாக விரிசல் விட்டிருந்தால் மாவுக்கட்டே போதும். சில கணுக்கால் முறிவுகளுக்கும் அப்படித்தான். என்னுடையது இரண்டு எலும்பும் நடுவில் முறிந்து விலகியிருந்தது. இதை மாவுக்கட்டில் வைத்தால் பல மாதம் முழங்காலும் கணுக்காலும் சேர்ந்து அடைபட்டுக் கிடக்கும்; எலும்பு கோணலாகவும் கூடலாம். தொடை எலும்பின் நடுப்பகுதி, முன்னங்கால் எலும்பின் நடுப்பகுதி ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் எலும்புக்குள் நீளமாக ராடு வைத்து, மேலும் கீழும் ஸ்க்ரூ போட்டுப் பூட்டுவார்கள். மூட்டுக்குள்ளோ மூட்டுக்குப் பக்கத்திலோ முறிந்தால் பிளேட்டும் ஸ்க்ரூவும். சதை நசுங்கி, மண் புகுந்து, வீங்கிப்போன காலுக்கு முதலில் வெளியே சட்டம் மாட்டிவிட்டு, தோல் தேறியதும் அடுத்த ஆபரேஷன் செய்வார்கள். கணுக்கால், முழங்கால் பக்கத்து முறிவுகளில் வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழும்வரை ஒரு வாரம், இரண்டு வாரம்கூடக் காத்திருப்பது உண்டு. "ஏன் இன்னும் ஆபரேஷன் செய்யவில்லை?" என்று அப்போது கோபப்பட வேண்டாம். வீங்கிய தோலில் கத்தி வைத்தால் காயம் ஆறாது. வயதானவர்களின் இடுப்பு மூட்டு முறிவு மட்டும் இதற்கு நேர் எதிர். அவர்களுக்குப் படுக்கைதான் எமன். நிமோனியா, படுக்கைப் புண், ரத்த உறைவு என்று ஒவ்வொன்றாக வரும். உடல்நிலை இடம் கொடுத்தால் 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து, மறுநாளே எழுப்பி உட்கார வைக்கப் பார்ப்பார்கள்.

ராடு வைக்கும் முறையைப் பரவலாக்கியவர் கெர்ஹார்ட் குன்ட்ஷர் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர். அவர் முதலில் அதைச் செய்தது 1939-இல். அதற்கு முன்னால் தொடை முறிந்தவர் காலில் எடை கட்டித் தொங்கவிட்டு மாதக் கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டியிருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உள்ளே வைக்கும் ராடு எலும்பைக் கூட்டுவதில்லை. எலும்பு தானாகத்தான் கூடுகிறது. அதுவரை நம்மைப் படுக்கையிலிருந்து கிளப்புவதற்குத்தான் ராடு. ஆபரேஷன் முடிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று படுத்துக்கொண்டால், ராடு வைத்ததன் பாதிப் பலன் போய்விடுகிறது.

ஆபரேஷனுக்குப் பிறகு முதல் மூன்று நாள் என் மனைவியிடம் டாக்டர் ஒரு வேலை கொடுத்திருந்தார்: "இவர் பேச்சு மாறுதா, மூச்சு வாங்குதான்னு பாத்துக்கோங்கம்மா." தொடை, முன்னங்கால் போன்ற நீண்ட எலும்புகள் முறியும்போது மஜ்ஜையில் இருக்கும் கொழுப்புத் துளிகள் ரத்தத்தில் கலந்து நுரையீரலையும் மூளையையும் தொந்தரவு செய்யலாம். பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் தெரியும். மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு, நெஞ்சிலும் அக்குளிலும் ஊசி குத்தின மாதிரி சிவப்புப் புள்ளிகள். அபூர்வம்தான். ஆனால் ராத்திரியில் சம்பந்தமில்லாமல் உளறுகிறவரைப் பார்த்து "மயக்க மருந்து இன்னும் தெளியலை" என்று விட்டுவிடாமல் நர்ஸிடம் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த பல வாரங்களுக்குக் கவனிக்க வேண்டியது ரத்த உறைவு. அசையாத காலின் ஆழமான சிரைகளில் ரத்தம் கட்டிக்கொள்ளலாம். அது பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. வயிற்றில் போடும் சின்ன ஊசியோ மாத்திரையோ தேவையா, எத்தனை நாள் என்பதை ஒவ்வொருவரின் வயது, எடை, முன்பு உறைவு வந்த வரலாறு, குடும்ப வரலாறு எல்லாம் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும், நம் கையில் இருப்பது அசைவு. பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, தொடையை இறுக்கிப் பிடித்து விடுவது. விழித்திருக்கும் நேரமெல்லாம், மணிக்கொரு தடவை. எனக்கு மூன்றாம் வாரம் கெண்டைக்கால் திடீரென்று அதிகமாக வீங்கி வலித்தது. உடனே டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். உறைவு இல்லை, சாதாரண வீக்கம்தான். "இதுக்காக வந்தீங்களே" என்று யாரும் சலித்துக்கொள்ளவில்லை. திடீர் மூச்சுத் திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலி, இருமலில் ரத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் ஸ்கேனுக்கு நாள் கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

காலை உயர்த்தி வைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. முழங்கால் மூட்டுக்கு அடியில் மட்டும் தலையணை வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் முழங்கால் மடங்கியபடியே இறுகிப்போகும். கெண்டைக்கால் முழுவதையும் தாங்குகிற மாதிரி வைத்து, குதிகால் எதிலும் படாமல் தொங்க வேண்டும். குதிகால் ஒரே இடத்தில் அழுந்தினால் புண் வரும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் புண் முறிவைவிடப் பெரிய தலைவலி ஆகிவிடும். முழங்காலுக்கு வெளிப்பக்கம் கொஞ்சம் கீழே ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும். அதைச் சுற்றித்தான் பாதத்தை மேலே தூக்கும் நரம்பு போகிறது. மாவுக்கட்டோ தலையணையோ அங்கே அழுத்தினால் பாதம் தொங்கிப்போகலாம். கட்டைவிரலைத் தினமும் மேலே தூக்கிப் பார்த்தால் அந்த நரம்பு சரியாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கட்டு மாற்றும்போது இன்னொன்றும் பார்த்துக்கொள்வது நல்லது. மல்லாந்து படுத்து இரண்டு முழங்காலும் கூரையைப் பார்த்தபடி வைத்து, இரண்டு பாதமும் ஒரே மாதிரி திரும்பியிருக்கின்றனவா என்று பாருங்கள். ராடு வைக்கும்போது எலும்பு கொஞ்சம் திருகியபடி பொருந்திவிடுவது உண்டு. நீளவாக்கில் எடுத்த எக்ஸ்ரேயில் அது எளிதில் தெரியாது. ஆரம்பத்தில் சொன்னால் திருத்துவது சுலபம். எலும்பு கூடிய பிறகு என்றால் அதை வெட்டித்தான் திருத்த வேண்டும்.

நடக்க ஆரம்பிப்பது எப்போது என்பது முறிவைப் பொறுத்தது. நடு எலும்பு முறிவுக்கு ராடு வைத்தவர்களைப் பல சமயம் சீக்கிரமே கால் ஊன்றச் சொல்வார்கள். மூட்டுக்குள் முறிந்தவர்களுக்கு 6 வாரம், சில சமயம் 12 வாரம்கூட ஊன்றக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் எப்போது நடந்தார் என்பதை வைத்து நாம் முடிவு செய்ய முடியாது. "பாதி எடை கொடுங்கள்" என்று சொல்லும்போது பாதி எடை என்றால் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? எங்கள் பிசியோதெரபிஸ்ட் எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்து, முறிந்த காலை அதன் மேல் ஊன்றச் சொன்னார். முள் எனக்குச் சொன்ன அளவைக் காட்டும்போது எப்படி இருக்கிறது என்று உணரச் சொன்னார். ஒரு தடவை உடம்புக்குப் பழகிவிட்டால் அப்புறம் மெஷின் வேண்டாம்.

கட்டையை வைத்து நடக்கும்போது பாரம் உள்ளங்கையில் இருக்க வேண்டும். அக்குளுக்கும் கட்டைக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். அக்குளில் தொங்கினால் கை நரம்பு நசுங்கும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கட்டையும் அடிபட்ட காலும் முதலில். ஒற்றைக் கைத்தடிக்கு மாறியதும் அதை நல்ல காலின் பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். எல்லோரும் அடிபட்ட பக்கமே பிடிக்கப் பார்ப்பார்கள். மாற்றிப் பிடித்துப் பார்த்தால் உடனே வித்தியாசம் தெரியும்.

இப்போது தாமதம். எலும்பு கூடுவது ஒரு ஒழுங்கில் நடக்கிறது. முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டும். இரண்டு மூன்று வாரத்தில் அது மென்மையான இணைப்பாக மாறும். அடுத்த சில வாரங்களில் சுண்ணாம்பு ஏறிக் கெட்டியாகும். பழைய வடிவத்துக்குத் தேய்ந்து திரும்புவதற்கு வருடக்கணக்கு ஆகும். முன்னங்கால் எலும்பு, முக்கியமாக அதன் கீழ்ப்பகுதி, சதைப் போர்வை குறைவான இடம். ரத்த ஓட்டமும் குறைவு. பெரியவர்களுக்கு நான்கைந்து மாதம் சாதாரணம், அதற்கு மேல் போவதும் அபூர்வம் இல்லை. நாலாம் மாத எக்ஸ்ரேயில் என் வெளிப்பக்கச் சின்ன எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. பெரிய எலும்பில் இடைவெளி அப்படியே தெரிந்தது. ஊன்றும்போது முறிந்த இடத்தில் வலியும் இருந்தது.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டி விளக்கினார். முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று இரண்டு படம் எடுத்தால் எலும்பின் 4 ஓரங்கள் தெரியும். அவற்றில் குறைந்தது 3 ஓரங்களில் புது எலும்பு பாலம் போட்டிருந்தால் கூடிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். எனக்கு ஒன்றில்தான் இருந்தது. "சின்ன எலும்பு முந்திக்கிட்டு கூடிடுச்சு. ஸ்க்ரூவும் ரெண்டு பக்கமும் பூட்டியிருக்கு. ரெண்டும் சேர்ந்து பெரிய எலும்பு ஒண்ணோட ஒண்ணு அமுங்க விடாம தாங்கிப் பிடிக்குது" என்றார். எலும்புக்குப் பாரம் வேண்டும். பாரம் விழும் இடத்தில்தான் அது வளரும். அதனால் ஒரு பக்கத்து ஸ்க்ரூவை மட்டும் கழற்றிவிட்டு நன்றாக நடக்கச் சொல்வது ஒரு சிகிச்சை. எனக்கு அதைத்தான் செய்தார்கள். சின்னக் கீறல், அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்தடுத்த எக்ஸ்ரேக்களில் மெல்லப் பாலம் விழுவது என் கண்ணுக்கே தெரிந்தது.

எல்லோருக்கும் இந்தச் சின்ன வேலை போதாது. சிலருக்குப் பழைய ராடை எடுத்துவிட்டு இன்னும் தடிமனான ராடு வைப்பார்கள், சிலருக்கு இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்து நிரப்புவார்கள். எலும்பே ஒரு துண்டு இல்லாமல் போனவர்களுக்கு இலிசரோவ் வளையம், அதாவது காலைச் சுற்றி வெளியே மாட்டி, கம்பிகளால் எலும்போடு இணைக்கும் வளையச் சட்டம். அதில் எலும்பை ஓரிடத்தில் வெட்டி, ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர் வீதம் நகர்த்த, நடுவில் புது எலும்பு வளரும். பொறுமை நிறைய வேண்டும், கம்பி போகும் இடங்களைத் தினமும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும்.

ராடு உள்ளே இருக்கிறதே, கூடாவிட்டாலும் பரவாயில்லை என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அது தவறான நம்பிக்கை. எலும்பு கூடாமல் தினமும் நடந்துகொண்டே இருந்தால் உலோகம் களைத்து ஒருநாள் ஒடியும். எலும்பு முந்துகிறதா, உலோகம் ஒடிகிறதா என்ற பந்தயம்தான் அது. பல மாதம் ஆகியும் ஊன்றினால் முறிந்த இடத்திலேயே வலிக்கிறது என்றால் போய்க் காட்டத்தான் வேண்டும்.

தாமதத்துக்கான காரணங்களை டாக்டர் ஒவ்வொன்றாகத் தேடினார். ரத்தச் சர்க்கரை, வைட்டமின் டி, தைராய்டு எல்லாம் பார்த்தார். உள்ளே மறைந்திருக்கும் கிருமியும் எலும்பைக் கூட விடாது என்பதால் அதற்கான ரத்தப் பரிசோதனையும் செய்தார். புகை பிடிப்பீர்களா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டார். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. புகைப்பவர்களுக்கு எலும்பு கூடத் தாமதமாகும், கூடாமலே போகும் வாய்ப்பும் அதிகம், காயத்தில் சீழ் பிடிப்பதும் அதிகம். கால் முறிவுக்குப் பிறகு ஒருவர் தன் காலுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய நன்மை சிகரெட்டை விடுவதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சில வகை வலி மாத்திரைகளைத் தொடர்ந்து நீண்ட நாள் சாப்பிட்டால் எலும்பு கூடுவது தள்ளிப்போகலாம் என்ற கருத்தும் மருத்துவர்களிடம் உண்டு. அதனால் வலி மாத்திரையை நாமாக வாங்கி வாங்கிப் போடாமல் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சீழ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தையல் பிரித்த பிறகும் காயத்தில் நீர் கசிவது, சிவந்து சூடாக இருப்பது, காய்ச்சல், குறைந்து வந்த வலி மறுபடி ஏறுவது ஆகியவற்றை வீட்டில் மருந்து தடவிச் சமாளிக்கக்கூடாது. உலோகத்தின் மேல் கிருமி ஒரு படலமாக ஒட்டிக்கொண்டால் மாத்திரைக்கு எளிதில் போகாது. சீக்கிரம் பிடித்தால் கழுவிச் சுத்தம் செய்து ராடைக் காப்பாற்ற முடிகிறது. மாதங்களும் வருடங்களும் கழித்துத் தழும்பில் சின்ன ஓட்டை விழுந்து கசிவதும் இதே கதைதான்.

எலும்பு கூடிய பிறகும் கால் முழுதாகத் திரும்பவில்லை. கெண்டைச் சதை இளைத்துப்போய், இரண்டு காலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனசுக்குச் சங்கடமாக இருந்தது. கணுக்கால் மேல்பக்கம் மடங்க மறுத்தது. படுத்திருக்கும்போது பாதம் தானாகக் கீழ்நோக்கித் தொங்கும். குதிகாலின் பின்பக்கத் தசைநாண் சுருங்கிவிடும். அப்புறம் குந்தவும் முடியாது, படி இறங்கவும் கஷ்டம். முதல் நாளிலிருந்தே பாதத்தை 90 டிகிரியில் நிறுத்தி வைப்பதும், ஒரு நீளத் துண்டைப் பாதத்தில் மாட்டித் தன் பக்கம் இழுத்துப் பிடிப்பதும் இதற்காகத்தான். முழங்கால் முன்பக்க வலி இன்னொன்று. முன்னங்காலில் ராடு வைத்தவர்கள் பலருக்கு அது இருக்கும். மண்டியிட்டால் நன்றாகத் தெரியும். எனக்கு இன்றும் வெறும் தரையில் மண்டியிட முடியாது, மெத்தென்று ஏதாவது வைத்தால் முடிகிறது. சாயங்காலம் கணுக்கால் வீங்குவது ஒரு வருடம் வரை இருந்தது. அதற்குப் பயப்படத் தேவையில்லை. ஆனால் லேசாகத் தொட்டாலே எரிகிற வலி, தோல் நிறமும் சூடும் மாறுவது, பாதத்தில் மட்டும் அதிகமாக வேர்ப்பது இவை சேர்ந்து வந்தால் நரம்பு சம்பந்தப்பட்ட வேறு சிக்கல். மருத்துவர்கள் அதை சி.ஆர்.பி.எஸ். என்பார்கள். காலை அசைக்காமல் பொத்தி வைத்தால் அது இன்னும் மோசமாகும், சீக்கிரம் சிகிச்சை தொடங்க வேண்டும்.

மனசைப் பற்றி யாரும் எச்சரிக்கவில்லை. குளிக்க, கழிவறை போக, ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்க எல்லாவற்றுக்கும் ஆள் கூப்பிட வேண்டியிருந்த காலத்தில் காரணமில்லாமல் கோபம் வந்தது, தூக்கம் போனது. ரோட்டில் பிரேக் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போட்டது. இதையும் டாக்டரிடம் சொன்னேன். அவர் இன்னொருவரிடம் அனுப்பினார், பேசியது உதவியது. குளியலறையில் ஒரு உறுதியான நாற்காலியும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வைத்த நாளில் என் மனநிலை பாதி சரியானது என்றே சொல்வேன். தனியாகக் குளிக்க முடிந்தது அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது.

ராடை எடுக்க வேண்டுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரியவர்களுக்குக் கட்டாயம் இல்லை. ஸ்க்ரூ தோலுக்கடியில் உறுத்துகிறது, சீழ் பிடித்திருக்கிறது என்று காரணம் இருந்தால் எடுப்பார்கள். எடுப்பதும் ஒரு ஆபரேஷன்தான். ஸ்க்ரூ இருந்த ஓட்டைகள் அடைபடும்வரை அந்த இடம் பலவீனமாக இருக்கும் என்பதால் சில வாரம் ஓட்டமும் விளையாட்டும் கூடாது. முழங்கால் வலிக்காக எடுத்தால் வலி போய்விடும் என்ற உத்தரவாதமும் கிடையாது. எனக்கு உறுத்தல் எதுவும் இல்லாததால் அப்படியே விட்டுவிட்டேன். ஆபரேஷன் குறிப்பையும், ராடு என்ன உலோகம், என்ன அளவு என்று ஒட்டிய சீட்டையும், முதல் எக்ஸ்ரேயையும் கடைசி எக்ஸ்ரேயையும் ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறேன். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வந்தாலோ, அதே காலில் மறுபடி அடிபட்டாலோ, எந்த மருத்துவமனையாக இருந்தாலும் முதலில் கேட்பது அந்தக் கவரில் இருப்பதைத்தான்.